சந்திரகிரியா, கண்டிக்கோட்டையா, வேலூரா? ஆற்றங்கரைக் கோட்டை தேடுகிறவர்களுக்கு

"அண்ணி, பசங்களுக்கு ஒரு கோட்டை காட்டணும். பக்கத்துல ஆறும் இருந்தா நல்லா இருக்கும். சந்திரகிரி போலாமா, கண்டிக்கோட்டை போலாமா, இல்ல வேலூரே போதுமா?"

அரக்கோணத்திலிருந்து என் கொழுந்தனார் போன வாரம் கேட்டது இது. அவர் மட்டும் இல்லை. நான் காட்பாடியில் பிறந்து சித்தூரில் வாக்கப்பட்டவள். இந்த எல்லைப் பக்கத்தில் எந்த ஊருக்கு எப்படிப் போவது என்று சென்னையிலிருக்கும் தோழிகளும் என்னிடம்தான் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

சித்தூரில் நின்று பார்த்தால் தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில் வேலூர். வடகிழக்கே திருப்பதிச் சாலையில் 60 கிலோமீட்டருக்குள் சந்திரகிரி. வடக்கே கடப்பாவைத் தாண்டி ஏறக்குறைய 250 கிலோமீட்டரில் கண்டிக்கோட்டை. மூன்றும் விஜயநகரக் கதையைச் சேர்ந்தவை. 1565-ல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற பிறகு அந்த அரசு பெனுகொண்டாவுக்கும், பிறகு சந்திரகிரிக்கும், கடைசியில் வேலூருக்கும் தலைநகரை மாற்றிக்கொண்டே தெற்கே நகர்ந்தது. கண்டிக்கோட்டை தலைநகராக இருந்ததில்லை. பெம்மசானி நாயக்கர்கள் அந்த அரசுக்காகக் காத்து நின்ற அரண் அது.

எது அழகு என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. எந்தக் கோட்டைக்கு அதன் ஆறு என்ன செய்தது என்று கேட்டால் சொல்வேன். ஆற்றை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் அந்தக் கோட்டை ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்பதே புரியாது.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலாவது, ஆறு. கோட்டையில் நின்றால் ஆறு கண்ணில் படுகிறதா, நீங்கள் போகும் மாதத்தில் அதில் தண்ணீர் ஓடுமா என்பது. ராயலசீமையிலும் வட ஆற்காட்டுப் பக்கத்திலும் ஆறு என்றாலே பாதி நாள் மணல்தான். இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

இரண்டாவது, உள்ளே உங்களுக்குக் கிடைக்கும் நேரம். போக வர ஆகும் நேரத்தை எல்லோரும் கணக்குப் போடுகிறோம். கோட்டைக்குள் எத்தனை மணி நேரம், அதுவும் எந்த வேளையில் என்பதை மறந்துவிடுகிறோம். காலை ஏழு மணிக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரமும் மதியம் ஒரு மணிக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரமும் ஒன்றல்ல.

மூன்றாவது, கூட வருகிறவர்களின் கால். முழங்கால் வலி உள்ள அத்தை, இடுப்பில் குழந்தை, கையை விட்டு ஓடும் ஆறு வயதுப் பையன் என்று யார் வருகிறார்களோ அவர்களை வைத்துத்தான் கோட்டையை முடிவு செய்ய வேண்டும்.

நான்காவது, பார்க்கிறதைப் புரியவைக்க அங்கே என்ன இருக்கிறது என்பது. அருங்காட்சியகமோ விவரம் தெரிந்த ஆளோ இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு எல்லாம் உடைந்த சுவர்தான்.

| | கண்டிக்கோட்டை | சந்திரகிரி | வேலூர் |
|---|---|---|---|
| ஆறு | பெண்ணாறு, கோட்டையின் காலடியில் | சுவர்ணமுகி, ஊரை ஒட்டி | பாலாறு, ஊருக்கு வடக்கே. கோட்டையைச் சுற்றி அகழி |
| தண்ணீர் | அணைகளால் பெரும்பாலும் உண்டு | மழைக்காலத்தில் மட்டும் | ஆற்றில் அபூர்வம், அகழியில் உண்டு |
| சித்தூரிலிருந்து | ஐந்து மணி நேரத்துக்கு மேல் | ஒன்றரை மணி நேரம் | ஒரு மணி நேரம் |
| உள்ளே தேவைப்படும் நேரம் | ஒரு மாலை, ஒரு காலை | மூன்று மணி நேரம் | மூன்று மணி நேரம், கோயிலோடு நான்கு |
| நடை | அதிகம், பாறை | சமதளம், மகாலில் படிகள் | சமதளம் |
| விளக்கம் | குறைவு | மகாலிலேயே அருங்காட்சியகம் | அருங்காட்சியகம் |
| தவிர்க்க வேண்டிய நாள் | மார்ச் முதல் ஜூன் வரை | வெள்ளிக்கிழமை | வெள்ளிக்கிழமை (அருங்காட்சியகத்துக்காக) |

## கண்டிக்கோட்டை

தெலுங்கில் 'கண்டி' என்றால் மலைக்கு நடுவே உள்ள இடுக்கு. எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு பெண்ணாறு போகும் அந்த இடுக்கின் விளிம்பில் கோட்டை இருப்பதால் அந்தப் பெயர். கடப்பா மாவட்டம் ஜம்மலமடுகிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். பெண்ணாற்றை அங்கே 'பென்னா' என்பார்கள். கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து வடக்கே போய், பிறகு கிழக்கே திரும்பி, நெல்லூரைத் தாண்டிக் கடலில் சேர்கிறது. நம் பாலாறும் அதே நந்தி மலையில்தான் பிறக்கிறது. ஒரே மலையில் பிறந்த இரண்டு ஆறுகளில் ஒன்று கண்டிக்கோட்டைக்கு, ஒன்று வேலூருக்கு.

மூன்றில் ஆறே மதிலாக நிற்பது இங்கே மட்டும்தான். ஒரு பக்கம் சிவந்த கல்லில் கட்டிய மதிலும் கொத்தளங்களும். இன்னொரு பக்கம் மனிதர் கட்டியது எதுவும் வேண்டியிருக்கவில்லை. நூறு அடிக்கும் மேலான ஆழத்துக்கு நேராக இறங்கும் பாறை, அடியில் ஆறு. எதிர்க்கரையும் அதே போன்ற பாறைச் சுவர். மசூதிக்குப் பின்னால் நடந்து அந்த விளிம்பில் முதல் தடவை நின்றபோது, இவ்வளவு படை இருந்தும் எதிரிகள் ஏன் முன்வாசல் வழியாகத்தான் வர வேண்டியிருந்தது என்பது ஒரு நொடியில் புரிந்தது. எந்தப் புத்தகமும் எனக்கு அதை அப்படிப் புரியவைத்ததில்லை.

உள்ளே மாதவராயர் கோயில், ரங்கநாதர் கோயில், ஜாமியா மசூதி, பெரிய தானியக் களஞ்சியம், குளம், புறாக் கூண்டு என்று சொல்லப்படும் கோபுரம் எல்லாம் அடுத்தடுத்து. நடுவில் இன்றும் மக்கள் குடியிருக்கும் கிராமம். கோயில்களில் வழிபாடு இல்லை. 1652-ல் கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா இந்தக் கோட்டையைப் பிடித்தார். அதே ஆண்டு ரத்தின வியாபாரியான பிரெஞ்சுக்காரர் தவேர்னியே அவரைப் பார்க்க இங்கே வந்து போனார். பீரங்கி வார்ப்பதற்காக கோயில்களின் செப்புச் சிலைகளை உருக்கினார்கள் என்றும், கண்டிக்கோட்டைக் கோயிலின் சிலைகளை மட்டும் என்ன செய்தும் உருக்க முடியவில்லை என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார். மாதவராயர் கோயிலின் வெறும் கருவறை முன்னால் நின்று இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவர்கள் போனைப் பார்க்க மாட்டார்கள்.

இப்போது செலவு. நான் முதல் தடவை போனது ஏப்ரல் கடைசியில். விடிகாலை மூன்று மணிக்குச் சித்தூரில் கிளம்பி, வழியில் குவ்வலசெருவில் பால்கோவா வாங்கிக்கொண்டு, கோட்டை வாசலுக்குப் போகும்போது மணி ஒன்பதரை. அதற்குள் கல் கொதித்துவிட்டது. என் மாமனார் மசூதி நிழலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போயும் அவர் ஆற்றைப் பார்க்காமலே திரும்பினார். இன்றைக்கும் அது என் மனதில் உறுத்துகிறது. வெயிலை நான்தான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

ஆகவே ஒரு நாளில் போய்த் திரும்பும் திட்டம் வேண்டாம். ஒரு இரவு அங்கே தங்குவதுதான் கண்டிக்கோட்டையின் உண்மையான விலை. ஆந்திர சுற்றுலாத் துறையின் ஹரிதா விடுதி கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குளிர்கால வார இறுதிகளில் அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கூடாரங்களும் கிடைக்கும். ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் போனில் பேசி, கழிப்பறை எங்கே, இரவுச் சாப்பாடு உண்டா என்று கேட்டுவிடுங்கள். நாங்கள் இரண்டாம் தடவை போனபோது பதிவு செய்திருந்த கூடாரத்தில் வேறு குடும்பம் இருந்தது. இருட்டில் ஜம்மலமடுகுக்குத் திரும்பி லாட்ஜ் தேட வேண்டியதாயிற்று.

விளிம்பில் கைப்பிடிச் சுவர் கிடையாது. இதை எழுதும்போதே எனக்கு வயிறு கலங்குகிறது. பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், மழை பெய்தால் வழுக்கும். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் என்றால் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கையைப் பிடித்தபடி நிற்க வேண்டும். போட்டோ எடுப்பவர் வேறு, பிள்ளையைப் பிடிப்பவர் வேறு. இரண்டையும் ஒரே ஆள் செய்யக் கூடாது.

கார் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: ரேணிகுண்டாவிலிருந்து குண்டக்கல் போகும் ரயில் பாதையில் முத்தனூரில் இறங்கி, ஜம்மலமடுகு வந்து, அங்கிருந்து ஆட்டோ. திரும்பி வருவதற்கும் அதே ஆட்டோக்காரரிடம் நேரம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தெலுங்கு நாலு வார்த்தை தெரிந்தால் போதும். கூட்டி வருபவர்கள் நல்ல மனிதர்கள், பொறுமையாகச் சொல்வார்கள்.

எப்போது இது சரி: இரண்டு நாள் கையில் இருந்து, நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போக முடிந்து, கூட வருகிற எல்லோராலும் பாறையில் ஏறி இறங்க முடிந்தால். இந்த மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் வேறு கோட்டையைப் பாருங்கள்.

## சந்திரகிரி

சுவர்ணமுகி என்றால் நம் ஊரில் சிலருக்குத் தெரியாது. பொன்முகலி என்றால் தெரியும். கண்ணப்பர் வாயில் நீர் முகந்துபோய்க் காளத்திநாதரை நீராட்டிய அதே ஆறு. அந்த ஆறு காளத்திக்குப் போவதற்கு முன்னால் சந்திரகிரியையும் திருப்பதியையும் ஒட்டித்தான் வருகிறது. அதன் வலது கரையில் இருக்கிறது சந்திரகிரி.

இங்கே ஆறு மதிலாக நிற்கவில்லை. அரண் வேலையைப் பின்னால் இருக்கும் பெரிய பாறைக்குன்று செய்தது. ஆறு செய்தது சோறு போடுகிற வேலை. குன்றுக்கும் ஆற்றுக்கும் நடுவே உள்ள சமவெளியில் வயலும் தோப்பும் இன்றைக்கும் பச்சையாக இருப்பதைப் பார்க்கலாம். தோற்று வந்த ஒரு அரசு திரும்ப எழுந்து உட்கார இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தது என்பதற்கு அந்தப் பச்சையே பதில். ஆற்றைப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் வாருங்கள். மற்ற மாதங்களில் மணலைத்தான் பார்ப்பீர்கள்.

கோட்டையின் தொடக்கம் கி.பி. 1000-ஐ ஒட்டி ஒரு யாதவராயர் கட்டியது என்பார்கள். விஜயநகரத்தின் அரியணையில் 1485-ல் ஏறிய சாளுவ நரசிம்மர் அதற்கு முன்னால் இங்கிருந்துதான் ஆண்டுவந்தார். இப்போது நாம் பார்ப்பதில் முக்கியமானவை ராஜா மகாலும் ராணி மகாலும். ராஜா மகால் மூன்று தளம். மரமே சேர்க்காமல் கல், செங்கல், சுண்ணாம்பை மட்டும் வைத்து எழுப்பியது. வெளியே அனல் அடிக்கும்போது அதன் கூடத்துக்குள் நுழைந்தால் உடம்பு குளிர்ந்து போகும். மேல்தள வளைவுகளின் வழியே வரும் காற்றுக்காகவே ஒரு மணி நேரம் உட்காரலாம்.

அந்த மகாலுக்குள்ளேயே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. குடிமல்லம், யாகந்தி, கண்டிக்கோட்டை ஆகிய ஊர்களில் கிடைத்த சிற்பங்களைக்கூட இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கண்டிக்கோட்டை வரை போக முடியாதவர்களுக்கு அந்த ஊரின் ஒரு பகுதி இங்கேயே கிடைக்கிறது என்று நான் சொல்வதுண்டு. கிருஷ்ணதேவராயரும் அவருடைய தேவிமார் இருவரும் நிற்கும் உருவங்களைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

சென்னைக்காரர்களுக்கு இங்கே இன்னொரு காரணமும் இருக்கிறது. 1639-ல் கடலோரமாக ஒரு துண்டு மணல்வெளியைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேவுக்கு எழுதிக் கொடுத்தவர் தாமர்ல வெங்கடப்ப நாயக்கர். அவருக்கு மேலே இருந்தது சந்திரகிரி அரசு. 1645-ல் ஸ்ரீரங்கராயர் அந்தக் கொடையை மறுபடி உறுதி செய்தார். அந்த ஆணை பிறந்தது இந்த மகாலில்தான் என்று ஊரில் சொல்வார்கள். ஜார்ஜ் கோட்டையைப் பார்த்து வளர்ந்த பிள்ளையை இந்தக் கூடத்தில் நிறுத்தி, "உன் ஊர் இங்கேயிருந்து கொடுத்த ஊர்" என்று சொல்லிப் பாருங்கள்.

சந்திரகிரியின் உண்மையான விலை, பக்கத்தில் திருப்பதி இருப்பது. தரிசனம் முடித்துத் திரும்பும் வழியில் "அப்படியே ஒரு அரை மணி" என்று வண்டியைத் திருப்புகிறவர்கள்தான் அதிகம். நாங்களும் அப்படித்தான் ஒரு தடவை போனோம். மொட்டையடித்த பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில், பெரியவர்கள் பசியில், வாட்ச்மேன் கதவைச் சாத்தும் நேரம். ராஜா மகாலின் முன்னால் நின்று ஒரு போட்டோ, அவ்வளவுதான். அப்படிப் பார்த்தது பார்த்ததில் சேராது. மலைக்குப் போகிற நாள் வேறு, கோட்டைக்குப் போகிற நாள் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பயணத்தில் இரண்டும் வேண்டுமென்றால் முதலில் கோட்டை, மறுநாள் மலை. காலை பத்து மணிக்குக் கோட்டைக்குள் இருந்தால் மதியச் சாப்பாட்டுக்குத் திருப்பதி போய்விடலாம்.

இரவு தங்குவதானால் திருப்பதியில்தான் தங்க வேண்டியிருக்கும். சனி, ஞாயிறு, புரட்டாசி மாதம், வைகுண்ட ஏகாதசி நாட்களில் அறை வாடகை ஏறிவிடும். செவ்வாய், புதன் கிழமைகளில் பாதிக் கவலை குறையும். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். வெளியில் சாப்பாட்டுக் கடைகள் அதிகம் இல்லை. தயிர்சாதமும் புளியோதரையும் கட்டிக்கொண்டு போனால் மரநிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம். சாயங்காலம் ஒலி ஒளிக் காட்சி நடத்துவார்கள். அதை நம்பிப் போகிறவர்கள் அன்றைக்கு உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

எப்போது இது சரி: ஒரே நாள், பிள்ளைகள், ஓரளவு நடக்கக்கூடிய பெரியவர்கள். கதையைப் பிள்ளைகள் புரிந்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் மூன்றில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

## வேலூர்

"ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு." எங்கள் பாட்டி வேலூரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவாள். சாமி இல்லாத கோயில் என்பது 1981-ல் மாறியது. பல தலைமுறைகளாகக் கருவறை வெறுமையாகக் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலில் அந்த ஆண்டு மறுபடி லிங்கத்தை வைத்தார்கள். வழிபாடு தொடங்கியது. தண்ணி இல்லாத ஆறு என்பது 2021 நவம்பரில் ஒரு சில நாட்களுக்கு மாறியது. பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்க்க ஊரே பாலத்துக்குப் போனது. என் அம்மாவும் போனாள். அறுபது வயதுக்கு மேல் தன் ஊர் ஆற்றை அப்படிப் பார்த்தவள் அன்று வீட்டுக்கு வந்து அழுதாள். அதே வெள்ளம் எத்தனையோ பேருடைய வீட்டையும் பயிரையும் கொண்டுபோனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கோட்டையில் நின்றால் பாலாறு தெரியாது. அது ஊருக்கு வடக்கே, காட்பாடிக்குப் போகும் வழியில். வேலூரில் ஆற்றின் வேலையைச் செய்வது அகழிதான். கருங்கல் மதிலைச் சுற்றி அகலமான நீர். மதிலின் ஒழுங்கான பல்வரிசை அந்த நீரில் விழும் காலை வேளையில் அகழி ஓரமாக ஒரு சுற்று நடந்து பாருங்கள். பதினாறாம் நூற்றாண்டில் நாயக்கர்கள் கட்டிய இந்தக் கோட்டைக்கு ஆறு இயற்கையாகத் தராததை மனிதர்கள் வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் சாமியின் பெயரிலேயே ஜலம் இருக்கிறது.

உள்ளே 130 ஏக்கருக்கு மேல் பரப்பு. கோயில், மசூதி, 1846-ல் கட்டிய தேவாலயம் மூன்றும் ஒரே மதிலுக்குள். கோயிலின் கல்யாண மண்டபத்தில் யாளியும் குதிரை வீரர்களுமாக நிற்கும் தூண்களுக்கு மட்டுமே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். 1799-ல் திப்பு சுல்தான் இறந்த பிறகு அவருடைய குடும்பத்தை இங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 10 விடியும் முன்னர் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்ததும் இந்த மதிலுக்குள்தான். புதுத் தலைப்பாகை அணி, நெற்றியில் குறி வைக்காதே, தாடியை எடு என்று வந்த உத்தரவுகள் அதற்குக் காரணம். ஒரே நாளில் அதை அடக்கிவிட்டார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு ஆங்கிலேயத் தளபதி ஜில்லெஸ்பி வந்து சேர்ந்ததும் நடந்தது படுகொலை. 1857-க்கு அரை நூற்றாண்டு முன்னால் நடந்தது இது. நம் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வருவதை அந்த மதிலின்மேல் நின்று சொல்லிக்கொடுக்க முடிவது பெரிய விஷயம்.

பாலாற்றையும் கோட்டையையும் சேர்த்துக் காட்டும் இடம் ஒன்று உண்டு. பெரும்பாலானவர்கள் அங்கே போவதில்லை. இலங்கையின் கண்டியை ஆண்ட கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரை 1815-ல் பிடித்த ஆங்கிலேயர் வேலூர்க் கோட்டையில்தான் சிறை வைத்தார்கள். 1832-ல் அவர் இங்கேயே இறந்தார். அவரைப் புதைத்த இடம் பாலாற்றங்கரையில், இப்போது முத்து மண்டபம் என்ற பெயரில் இருக்கிறது. கோட்டையிலிருந்து ஆட்டோவில் சில நிமிடம்.

செலவு என்று பார்த்தால் மூன்றில் இதுதான் குறைவு. காட்பாடி சந்திப்பில் இறங்கினால் கோட்டை வாசலுக்கு டவுன் பஸ்ஸே போகும். சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, அறைக்கும் கவலை இல்லை. ஒன்று மட்டும்: மருத்துவத்துக்காக நாடு முழுவதிலுமிருந்து வருகிறவர்கள் இந்த ஊரில் தங்குவதால் மருத்துவமனைப் பக்கத்து லாட்ஜுகள் எப்போதும் நெரிசல். அந்த அறைகள் அவர்களுக்குத் தேவை. நாம் கொஞ்சம் தள்ளி, காட்பாடிப் பக்கம் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் வெயில். வெயிலூர் என்றே இந்த ஊருக்குப் பட்டப்பெயர் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் காலை ஒன்பதுக்குள் மதில் சுற்றை முடித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்விடுங்கள். அந்தக் கல் மண்டபம் குளிர்ச்சியாக இருக்கும். கோயில் மதியம் நடை சாத்துவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எப்போது இது சரி: முழங்கால் வலி உள்ளவர்கள், கைக்குழந்தை, கார் இல்லாதவர்கள், அரை நாள் மட்டுமே உள்ளவர்கள். ஆறு வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் இது ஒத்துவராது. அகழியைக் காட்டி ஆறு என்று சொல்ல முடியாது.

## நிஜமாகவே ஆற்றங்கரையில் நிற்கும் ஒன்று

வேலூர் வரை வந்தவர்கள் இன்னும் 25 கிலோமீட்டர் கிழக்கே ஆற்காடு போனால், பாலாற்றின் கரையிலேயே டெல்லி கேட் நிற்கிறது. 1751-ல் கிளைவ் பிடித்துக்கொண்டு முற்றுகையைத் தாங்கிய அந்தக் கோட்டையில் மிச்சம் இந்த வாசல் ஒன்றுதான். கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம். இதற்காக மட்டும் யாரையும் பயணம் போகச் சொல்ல மாட்டேன். சென்னைக்குத் திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தலாம்.

## இரண்டை ஒன்றாகப் பார்க்க

வேலூரும் சந்திரகிரியும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி போகும் பாதையில் சந்திரகிரிக்கு என்று ஒரு நிலையமே உண்டு. எல்லா ரயிலும் அங்கே நிற்காது. பாசஞ்சரில் வந்தால் நிற்கும், இல்லையென்றால் திருப்பதியில் இறங்கிப் பதினைந்து கிலோமீட்டருக்குள் பஸ்ஸில் திரும்ப வரலாம். முதல் நாள் காலை வேலூர்க் கோட்டையும் கோயிலும், மாலை முத்து மண்டபம், இரவு காட்பாடியில் தங்கல். மறுநாள் காலை ரயிலில் சந்திரகிரி. விஜயநகர அரசு சந்திரகிரியிலிருந்து வேலூருக்கு இறங்கி வந்த வழியில் நீங்கள் எதிர்த்திசையில் ஏறிப் போகிறீர்கள். ஜன்னல் ஓரம் பிள்ளைகளை உட்காரவைத்தால் குன்றுகள் ஒவ்வொன்றாக எழும்புவதைப் பார்ப்பார்கள். ஓர் அரசு இந்தப் பக்கமாக ஏன் பின்வாங்கியது என்று அவர்களே கேட்பார்கள்.

கண்டிக்கோட்டையை இதோடு ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள். மூன்று நாளில் மூன்று கோட்டை என்று திட்டம் போட்ட என் தோழி ஒருத்தி, மூன்றாம் நாள் காரிலிருந்து இறங்கவே மாட்டேன் என்ற பிள்ளைகளோடு கண்டிக்கோட்டை வாசலில் நின்றிருக்கிறாள். அதற்குத் தனியாக ஒரு மார்கழி வார இறுதி வேண்டும்.

கொழுந்தனாருக்கு நான் சொன்ன பதில் இது. வருவது அவர், அவர் மனைவி, எட்டும் ஐந்தும் வயதான பிள்ளைகள், கூட எங்கள் சின்ன அத்தை. அத்தைக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கும், சின்னவன் ஒரு இடத்தில் நிற்க மாட்டான். அதனால் கண்டிக்கோட்டை இந்த ஆண்டு இல்லை. கார்த்திகையில் ஒரு புதன்கிழமை வாருங்கள், சித்தூரில் எங்கள் வீட்டில் தங்குங்கள், காலை எட்டு மணிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு சந்திரகிரிக்குக் கிளம்புவோம் என்றேன். அத்தை ராஜா மகாலின் கீழ்த்தளத்தில் சிற்பங்களைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கட்டும், பெரியவன் என்னோடு மேலே வரட்டும். மழை நன்றாகப் பெய்திருந்தால் திரும்பும்போது பொன்முகலிப் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டலாம்.